நாற்பத்தாறு கிலோ

அத்தியாயம் 9

சென்ற வியாழக்கிழமை பள்ளி லிஃப்ட்டின் கதவு மூடிக்கொண்டபோது மகள் மட்டும் உள்ளே இருந்தாள். மூடிய கணமே விளக்கும் மின்விசிறியும் அணைந்தன. உள்ளிருந்து எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் இல்லை. வெளியே ஐந்து மாணவிகள் நின்றிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி பொத்தானைத் தொட்டிருந்தால் போதும், கதவு திறந்திருக்கும். ஒருத்தியும் தொடவில்லை. பதினோரு நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

இருட்டில் அவள் அறைந்ததில் பொத்தான் பலகை உடைந்தது. பிறகு கதவு திறந்தது. அவள் நடந்து வெளியே வந்தாள். வெளியிலிருந்து திறந்துவிட்ட பள்ளி எழுத்தருக்கு நன்றி என்றுகூடச் சொன்னாள்.

பள்ளி நிர்வாகம் நான்கு நாள் யோசித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதியது. லிஃப்ட்டில் பழுது இருந்தது என்று மெக்கானிக் சான்று கொடுத்தால் நிர்வாகம் வருத்தம் தெரிவிக்கும். பழுது இல்லை என்று கொடுத்தால், பள்ளிச் சொத்தை உடைத்த குற்றத்துக்காக மாணவி நீக்கப்படுவாள். சான்று செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குள் வந்து சேர வேண்டும்.

கடிதம் வந்த அன்றே, லிஃப்ட்டைச் சோதிக்கும் உத்தரவும் அதே வீட்டுக்கு வந்தது. அந்த லிஃப்ட்டைப் பராமரிக்கும் மெக்கானிக் அவளுடைய தகப்பன்.

இன்று செவ்வாய்க்கிழமை.

*

மகள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை பெட்டியைத் தள்ளியது. இடது கை துணியின் மடிப்பைப் பிடித்திருந்தது. பெட்டி துணியைக் கடந்து இடது கையின் விளிம்பில் ஏறி நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய்க்கு முதலில் வாடைதான் தெரிந்தது.

"ஏண்டி! கைடீ! கையை எடு!"

மகள் குனிந்து பார்த்தாள். பிறகுதான் கையை எடுத்தாள். தோல் சுருங்கியிருந்தது.

"சூடு தெரியலையா உனக்கு?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா? இரும்பா நீ?"

"முழங்கை வரைக்கும் ஒண்ணும் தெரியல. போன வாரம் மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்துச்சு."

பாடத்தை ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் நாள் முழுவதும் படுக்கை விரிப்புகளை மடிக்கும் தாய், அழாத நோயாளிகளைக் கண்டுதான் அதிகம் அஞ்சுவாள். மகளின் கையைக் குழாய் நீரில் பிடித்தாள். கொப்புளத்தின் மீது மருந்தைத் தடவினாள். தடவும்போது மகளின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"அந்தப் பொண்ணுங்க இன்னும் ஏதாவது சொல்றாளுங்களா?"

"என்கிட்ட எதுவும் சொல்றதில்லம்மா. நான்தான் அங்க இல்லையே."

வாசகர்கள் இந்த விளையாட்டை அறிவார்கள். கடல் கடந்து வந்து இந்த நகரத்தில் குடியேறிய குடும்பம் இது. இங்கே பிறந்தவர்கள் வெளுத்தவர்கள். மகளின் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். கறுத்தவள் அவள் ஒருத்தி. அவள் சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே வகுப்பு கூடி ஒரு முடிவுக்கு வந்தது. அவளைத் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அவள் உட்கார்ந்திருக்கும் இடம் காலி. அவ்வளவுதான் விதி.

"யாரு என்ன நினைச்சா என்ன? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு நீ பொன்னுதான்" என்றாள் தாய்.

"அப்போ நான் காக்கான்னு நீயும் ஒத்துக்கற."

"வாயைப் பாரு! அப்படியே உங்கப்பன் வாய்."

"நிறமும் அவரோடதுதான்."

கருவிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த தகப்பன் தலை நிமிராமலே சொன்னார்: "ரெண்டையும் நான் சும்மாதான் குடுத்தேன். திருப்பிக் கேக்க மாட்டேன், பயப்படாத."

மற்ற நாளாக இருந்தால் மகள் சிரித்திருப்பாள். இன்று உதட்டை அதற்கேற்றபடி அசைத்தாள்.

தாய் கணவரிடம் திரும்பினாள். "ஏங்க, அந்தக் காயிதத்துல என்ன எழுதப் போறீங்க?"

"லிஃப்ட்டு என்ன சொல்லுதோ அதை எழுதுவேன்."

"உங்க பொண்ணு சொல்றாளே, விளக்கு அணைஞ்சுதுன்னு?"

தகப்பன் ஸ்பேனரைத் துடைத்து அதற்குரிய குழியில் வைத்தார். "போன மாசம்தான் கயிறு மாத்தினேன். என் கையால பார்த்த லிஃப்ட்டு. நூறு பேர் போறாங்க, வர்றாங்க. இவ போனா மட்டும் அணையுமா? மெஷினுக்கு நிறம் தெரியாதும்மா. மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது."

"அப்போ நான் சொல்றேனா?" என்றாள் மகள்.

"பயத்துல பொத்தானை மாத்தி அமுக்கியிருப்பன்னு சொல்றேன். உடைச்சிட்டேன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு. நானும் உன்கூட வந்து கேக்கறேன்."

"சரிப்பா."

அந்தச் 'சரிப்பா'வில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தகப்பன் ஒருவேளை நின்று கேட்டிருப்பார்.

*

வகுப்பறையில் அவளுடைய இருக்கை மூன்றாம் வரிசையின் ஓரத்தில் இருந்தது. அவள் உட்கார்ந்ததும் பின்னால் வந்தவள் தன் பையை அவள் மடியில் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். நான்கு பைகள் சேர்ந்தன. காலியான இருக்கையில் பை வைப்பதில் தவறென்ன?

"இந்த மூலை ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு?" என்றாள் ரிப்பன். ஆண்டு முழுவதும் ஒரே நீல ரிப்பனைக் கட்டிவருவதால் அவளுக்கு அந்தப் பெயர். விளையாட்டின் விதிகளை வகுத்தவளும் அவள்தான்.

"ஜன்னலைத் திறடீ, வெளிச்சம் வரட்டும்."

"திறந்துதான் இருக்கு. அப்பவும் இருட்டு போகல."

"பல்லு தெரிஞ்சா ஏதோ இருக்குன்னு நம்பலாம். அதுவும் தெரியல."

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி அடங்கியது. மகள் பைகளின் மீது கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவை கனக்கவில்லை. முன்பெல்லாம் இதே பைகள் தொடையை அழுத்தின. கால் மரத்துப் போயிற்று. இப்போது அவற்றைத் தூக்கிவைப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவை மடியில் இருப்பதே தெரிகிறது.

கணக்கு ஆசிரியை விடைத்தாள்களைக் கொடுத்தார்.

"ஒண்ணு மிச்சம் இருக்கே, யாருது?"

"முப்பத்தொண்ணு பேருதான் மிஸ். சரியா இருக்கு" என்றாள் ரிப்பன்.

ஆசிரியை மூன்றாம் வரிசையைப் பார்த்தார். நான்கு பைகளையும், அவற்றுக்குப் பின்னாலிருந்த முகத்தையும் பார்த்தார். பார்த்ததை எண்ணிக்கையில் சேர்க்காமல், மிச்சத் தாளை மேசையின் மீது கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அவர் கெட்டவர் அல்லர். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

இடைவேளையில் மகள் கைகழுவும் அறைக்குச் சென்றாள். அங்கிருந்தவை கையை நீட்டினால் தாமே திறக்கும் குழாய்கள். வெளுத்த கைகளுக்குத் திறந்தன. அவளுடைய கைக்குத் திறந்ததே இல்லை. குழாயைப் பொருத்தியவர்கள் தங்கள் கைகளை நீட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று போயிருப்பார்கள். அவள் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கையின் மீது விரித்தாள். தண்ணீர் வந்தது. கொப்புளம் நனைந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தகப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. மெஷினுக்கு நிறம் தெரியாது.

'குழாய்க்குத் தெரியுதேப்பா' என்று எண்ணினாள். அந்த எண்ணமும் வலிக்கவில்லை.

*

பிற்பகல் இரண்டு மணிக்குத் தகப்பன் தரைத்தளத்தில் லிஃப்ட்டின் முன் மண்டியிட்டு, சுவரிலிருந்த சிறிய பலகையைக் கழற்றி, கையடக்கமான கருவி ஒன்றை அதில் இணைத்தார். லிஃப்ட் பெட்டிக்குள் எவ்வளவு எடை இருக்கிறது என்பதை அது கிலோவில் காட்டும்.

பள்ளிக் கண்காணிப்பாளர் இடுப்பில் கை வைத்து நின்றார். பருத்த மனிதர்.

"நீங்களே மெக்கானிக், நீங்களே தகப்பன். இப்படி ஒரு வசதி யாருக்குக் கிடைக்கும்?"

"உள்ளதை எழுதுவேன் சார்."

"எழுதுங்க. நானே தினமும் இதுலதான் போறேன். ஒரு நாள் விளக்கு அணைஞ்சதில்ல. வேணும்னா இப்பவே காட்டறேன்." உள்ளே ஏறினார். கதவு மூடியது. கதவின் குறுகிய கண்ணாடி வழியே விளக்கு ஒளிர்வதும் அவர் கையை ஆட்டுவதும் தெரிந்தன. "பார்த்தீங்களா?" என்று உள்ளிருந்து கத்தினார்.

தகப்பன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து கண்காணிப்பாளர் வெளியே வந்தார்.

"சார், உங்க எடை என்ன?"

"என்னது?"

"எடை. கிலோ."

"எண்பது. எதுக்குக் கேக்கறீங்க? டாக்டரே குறைக்கச் சொல்லி அலுத்துட்டார், நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

கருவி காட்டிய எடை முப்பத்துநான்கு.

தகப்பன் அதை உரக்கச் சொல்லவில்லை. "என் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மகள் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, ஒரு தடவை உள்ள ஏறு. நான் வெளியிலேயே இருக்கேன். உடனே திறந்துடுவேன்."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தார். மறுத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட விரும்பினார். அவள் ஏறிவிட்டாள். கதவு மூடியது.

விளக்கு அணைந்தது. மின்விசிறியின் ஓசை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

கருவி பூஜ்யம் காட்டியது.

தகப்பன் உடனே கதவைத் திறந்தார். மகள் ஏறியபோது நின்ற அதே நிலையில் நின்றிருந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான்பா" என்றாள்.

*

தகப்பன் படியில் உட்கார்ந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

லிஃப்ட்டின் கயிற்றை மாற்றினால், அதன்பின் காலிப் பெட்டியின் எடை எது என்று இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டும். ஐந்தாம் மாடிக்கு மேலுள்ள மெஷின் அறையில் அதற்கொரு பொத்தான் உண்டு. அதை அமுக்கும்போது பெட்டிக்குள் என்ன இருந்தாலும், அன்று முதல் இயந்திரம் அதை ஒன்றுமில்லை என்றே கொள்ளும். ஆகவே மெக்கானிக் கீழே இறங்கி, பெட்டிக்குள் தன் கண்ணால் பார்த்து, கதவை மூடி, மறுபடி மேலே ஏறிவந்துதான் அமுக்க வேண்டும். இது தொழிலின் முதல் பாடம்.

சென்ற மாதம் கயிறு மாற்றியது ஒரு விடுமுறை நாள். சேரப்போகும் பள்ளியைப் பார்க்க ஆசைப்பட்டு மகளும் உடன் வந்திருந்தாள். வெயிலுக்கு ஒதுங்கி, மின்விசிறிக்காக லிஃப்ட்டுக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அதற்குள் இரண்டு முறை ஐந்து மாடி ஏறி இறங்கிவிட்டார். முழங்கால் வலித்தது. மூன்றாம் முறை இறங்கவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே போயிருப்பாள் என்று தாமே முடிவு செய்துகொண்டு பொத்தானை அமுக்கினார்.

கீழே வந்தபோது மகள் லிஃப்ட்டிலிருந்துதான் வெளியே வந்தாள். அதையும் பார்த்தார். இவளுக்கென்ன எடை, ஒரு கைப் பஞ்சு என்று விட்டுவிட்டார்.

பள்ளியின் மருத்துவப் படிவத்தில் அவளுடைய எடையை அவரே எழுதியிருந்தார். நாற்பத்தாறு. எண்பதில் நாற்பத்தாறு போனால் முப்பத்துநான்கு. நாற்பத்தாறில் நாற்பத்தாறு போனால் என்ன என்பதற்குக் கருவி வேண்டியதில்லை. பெட்டியில் எவரும் இல்லை என்று கண்டால் விளக்கையும் விசிறியையும் அணைத்துப் பொத்தான்களைப் புறக்கணிப்பது இயந்திரத்தின் ஒழுங்கு. கூட்டமாக ஏறும் மற்ற மாணவிகளுக்கு இது நேர்ந்ததில்லை; தனியாக ஏறியவள் இவள் ஒருத்தி. இயந்திரம் தனக்குக் கற்பித்தபடியே நடந்திருக்கிறது.

வகுப்பு அவளைக் காலி என்று முடிவு செய்வதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார்.

"நீ சொன்னது நிஜம்" என்றார்.

"ம்."

"தப்பு என்னோடது பாப்பா. நான்தான் பண்ணேன்."

"பரவாயில்லப்பா."

"பரவாயில்லன்னு சொல்லாத. திட்டு. ரெண்டு வார்த்தை திட்டு."

அவள் யோசித்தாள். உண்மையாகவே முயன்று பார்த்தாள். "ஒண்ணும் வர மாட்டேங்குதுப்பா" என்றாள்.

தகப்பன் சான்றுப் படிவத்தை மடியில் வைத்து எழுதினார். லிஃப்ட்டில் பழுது இருந்தது. பழுதுக்குக் காரணம் மெக்கானிக். பெட்டியைப் பார்க்காமல், ஆள் உள்ளே இருக்கும்போது எடையைப் பூஜ்யமாக்கியது குற்றம். மாணவி சொன்னது முழுதும் உண்மை. கையெழுத்திட்டார்.

கண்காணிப்பாளர் படித்தார். "இதைக் குடுத்தா உங்க லைசென்ஸ் போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பொண்ணுக்காக எழுதினீங்கன்னு சொல்லுவாங்க."

"என் பொண்ணு சொன்னதை நானே நம்பல சார். உங்க லிஃப்ட்டு சொல்லித்தான் நம்பினேன். அதையும் வேணா எழுதிக்கோங்க."

கண்காணிப்பாளர் தாளை மடித்தார். "சரி, அதெல்லாம் அப்புறம். நாலு மணிக்கு முன்னாடி லிஃப்ட்டைச் சரி பண்ணிடுங்க. கூட்டத்துக்கு ஆள் வர்றாங்க."

*

இம்முறை விதியை அணுவும் பிசகாமல் கடைப்பிடித்தார். பெட்டிக்குள் ஏறி நான்கு மூலைகளையும் பார்த்தார். தரையைக் கையால் தடவிப் பார்த்தார். காலி. கதவை மூடினார். மகளிடம் திரும்பினார்.

"நீ என்கூட வா. என் கண்ணு முன்னாடியே இரு."

இருவரும் படியேறினார்கள். இரண்டாம் மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான்காம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் காலடி ஓசையே இல்லாததால் திரும்பிப் பார்த்தார். மகள் ஒரு படி கீழே நின்றிருந்தாள், மூச்சு வாங்கவில்லை.

மெஷின் அறையில் எண்ணெய் வாடை. பெரிய சக்கரம் அசையாமல் நின்றது. பலகையில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன. காலிப் பெட்டி இப்போது பூஜ்யத்துக்கும் நாற்பத்தாறு கீழே காட்ட வேண்டும்.

அது பூஜ்யம் காட்டியது.

தகப்பன் பலகையைத் தட்டினார். எண் மாறவில்லை. "நீ இங்கதானே இருக்க?" என்றார், அவளைப் பார்த்துக்கொண்டே.

"இங்கதான்பா."

அப்போது சக்கரம் சுழலத் தொடங்கியது. யாரோ லிஃப்ட்டில் வருகிறார்கள். எண்கள் தாவி நின்றன. எண்பது.

ஐந்தாம் மாடியில் கதவு திறக்கும் ஓசை கேட்டது. எண்கள் பூஜ்யத்துக்கு இறங்கின. கண்காணிப்பாளர் எஞ்சிய படிகளில் ஏறி வாசலில் வந்து நின்றார்.

"என்ன இவ்ளோ நேரம்? லிஃப்ட்டுதான் சரியாயிடுச்சே, விளக்கு ஜம்முனு எரியுது."

"நான் இன்னும் ஒண்ணும் செய்யல சார். உங்ககூட லிஃப்ட்ல யார் வந்தா?"

"யாரும் வரல. தனியாத்தான் வந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தனியாத்தான். ஓரமா நின்னு…" கண்காணிப்பாளர் நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போயிற்று. எட்டுப் பேர் நிற்கக்கூடிய பெட்டியில் தாம் ஏன் ஓரமாக ஒதுங்கி நின்றோம் என்பது அவருக்கே புரியவில்லை.

தவறான கணக்கின்படி அவர் முப்பத்துநான்கு காட்டியிருக்க வேண்டும். எண்பது காட்டினார் என்றால், மிச்ச நாற்பத்தாறு அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

தகப்பன் மகளின் கையைப் பற்றினார். பற்றிய பிறகு, பற்றினோமா என்று குனிந்து பார்த்தார். கை இருந்தது. விரல்கள் இருந்தன. காலையில் வந்த கொப்புளம்கூட அப்படியே இருந்தது. ஆனால் அது கழற்றி வைத்த கையுறையைப் போலிருந்தது. உயர்த்தினால் உயர்ந்தது, விட்டால் மெல்லத்தான் இறங்கியது.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"மரத்துப்போனது வியாழக்கிழமைலேர்ந்து. இன்னிக்கு நீங்க உள்ள ஏறச் சொன்னீங்கல்ல, அப்புறம் கதவு திறந்துச்சு, நான் வெளிய வந்தேன். எல்லாம் வரலப்பா."

"ஏன் சொல்லல?"

"விளக்கு அணைஞ்சதையே நீங்க நம்பல. இதை எப்படிச் சொல்றது?"

கண்காணிப்பாளருக்கு இந்தப் பேச்சு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. "மணி மூணே முக்கால். அந்தப் பொத்தானை அமுக்கிட்டு வாங்க, போகலாம்."

பச்சைப் பொத்தான் தகப்பனின் கட்டைவிரலுக்கு அரை அங்குலத்தில் இருந்தது. அமுக்கினால் போதும். எல்லோரும் தம் தம் எடையைக் காட்டுவார்கள், விளக்குகள் எரியும், கூட்டம் நடக்கும், மகளின் மீது குற்றமும் இல்லை. பெட்டிக்குள் நிற்பது மட்டும் இரண்டாம் முறையாகவும் இனி என்றைக்குமாகவும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

"அமுக்குங்கப்பா" என்றாள் மகள். "எனக்கு ஒண்ணும் வலிக்காது. இப்பல்லாம் எதுவுமே வலிக்கறதில்ல."

தகப்பன் கையை இழுத்துக்கொண்டார். சான்றுப் படிவத்தைக் கண்காணிப்பாளரின் கையிலிருந்து வாங்கி, தம் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்: பெட்டிக்குள் ஆள் இருக்கிறார். இயக்கக் கூடாது. எழுதிவிட்டு மின்விசையை நிறுத்தி, கருவிப் பெட்டியிலிருந்து தம் பூட்டை எடுத்து அதில் போட்டார். லிஃப்ட் பெட்டிக்கான விளக்குக் கம்பியை மட்டும் வேறு இணைப்பில் மாட்டினார். உள்ளே இருட்டாக இருக்கக் கூடாது.

"ஆளா? உள்ள யாரு இருக்கா?"

"என் பொண்ணு."

கண்காணிப்பாளர் திகைத்து விரலை நீட்டினார். "உங்க பொண்ணு இதோ உங்க பக்கத்துலதானே நிக்கிறா!"

"இத்தனை நாளா உங்க பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாதவ, இப்ப மட்டும் தெரியறாளா சார்?"

கண்காணிப்பாளர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். சாவியைக் கேட்டார். தகப்பன் கொடுக்கவில்லை. நிர்வாகத்திடம் சொல்லப் போவதாகவும், காவலர்களை அழைக்கப் போவதாகவும் கூறிவிட்டுப் படிவழியே இறங்கினார். ஐந்து மாடியும் படிவழியேதான் இறங்கினார்.

தகப்பனும் மகளும் ஐந்தாம் மாடிக்கு இறங்கி, லிஃப்ட்டின் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். குறுகிய கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே யாரும் தெரியவில்லை. அவர் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

கைப்பேசி ஒலித்தது. சலவைப் பிரிவின் இரைச்சலுக்கு நடுவே தாயின் குரல் கேட்டது.

"என்னங்க ஆச்சு? காயிதம் குடுத்தீங்களா? என்ன எழுதினீங்க?"

"அவ சொன்னதைத்தான் எழுதினேன்."

தாய் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "அப்போ கிளம்பி வாங்க. அவளைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்கு வந்துடுங்க. அவ உங்க கூடத்தானே இருக்கா?"

தகப்பன் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார்.

"கொஞ்சம்தான் இருக்கா" என்றார். "மீதியையும் கூட்டிட்டு வரேன். லேட்டாகும்."